கலிலேயா படகு: பிளெண்டரில் பலகை வங்கோடு உட்கார மாட்டேன் என்கிறது

சிப்பி88:
வணக்கம். 1986இல் கலிலேயா ஏரி வற்றியபோது கினோசர் கரைச் சேற்றிலிருந்து எடுத்தார்களே, சுமார் 2,000 வருடத்துக்கு முந்தைய மீன்பிடிப் படகு, அதைத்தான் பிளெண்டரில் (முப்பரிமாண வரைகலை மென்பொருள்) செய்கிறேன். நீளம் 8.2 மீட்டர், அகலம் 2.3, மிஞ்சியிருக்கும் உயரம் 1.3. ஏரா (அடிமரம்) போட்டு, வங்குகளை (விலா எலும்பு மாதிரி உள்சட்டங்களை) வரிசையாக நிறுத்தி, அதன் மேல் பலகைகளை வளைத்தேன். அணியத்துக்கு (படகின் முன்முனைக்கு) பக்கத்தில் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் சந்து. பரப்பை மழமழப்பாக்கும் சப்டிவிஷன் போட்டால் சந்து மறைகிறது, ஆனால் படகு தேங்காய்மூடி மாதிரி உருண்டுவிடுகிறது. மூன்று முறை அழித்தாயிற்று. எங்கே தப்பு?

தச்சன்மகன்:
வரிசையே தலைகீழ் தம்பி. அந்தப் படகில் முதலில் வந்தது பலகைதான். விளிம்பில் குழி வெட்டி, நாக்குக் கட்டையைச் செருகி, குறுக்கே முளை அடித்துப் பலகையோடு பலகையைப் பூட்டினார்கள். பலகைக் கூடு நின்ற பிறகுதான் கருவாலி (ஓக்) மர வங்குகளை உள்ளே வைத்து ஆணி அடித்தார்கள். நம் கரையில் கயிற்றால் தைக்கும் மசூலாப் படகில் வங்கே கிடையாது, பலகைதான் உடம்பு.
அதனால் வங்குகளை ஒளித்துவிட்டு, குறுக்குவெட்டுக் கோடுகளிலிருந்து முழுக் கூட்டையும் ஒரே பரப்பாக எடுங்கள். பலகைக் கோடுகளை அதன் மேல் வெட்டுங்கள். வங்கைக் கடைசியில் ஒன்றை இன்னொன்றின் மேல் படியவைக்கும் ஷ்ரிங்க்ராப் கொண்டு உள்பக்கம் ஒட்டவையுங்கள். அடிப்பாகம் தட்டை. அது பக்கச்சுவராகத் திரும்பும் விளிம்பை மட்டும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் ஈ அழுத்தி கிரீஸ் (விளிம்புக் கூர்மை) ஏற்றுங்கள், உருண்டை போய்விடும்.

நள்ளிரவு_ரெண்டர்:
பரப்புக்குத் தடிமன் தரும் சாலிடிஃபை போடுவதற்கு முன் கன்ட்ரோல் ஏ அழுத்தி ஸ்கேலை (அளவு விகிதத்தை) அப்ளை செய்து 1.0 ஆக்குங்கள். இதை மறந்து ஒரு வாரம் வீணாக்கியவன் சொல்கிறேன். பலகை சுமார் 3 செ.மீ. தடிமன்தான். ஸ்கேலை அப்ளை செய்யாவிட்டால் ஒரு பக்கம் பலகை, இன்னொரு பக்கம் பாலக் கட்டையாக வரும்.

சிப்பி88:
ஐயோ, ஸ்கேல் 1.0 இல்லவே இல்லை! நன்றி. கூட்டை முதலில் எடுத்ததும் சந்து போய்விட்டது. அப்புறம் டெக்ஸ்சர் (மேற்பரப்புத் தோற்றம்): அருங்காட்சியகப் படத்திலிருந்து எடுத்த கறுப்பு நிறத்தைப் போட்டிருக்கிறேன், சரியா?

தச்சன்மகன்:
ஓடியபோது இருந்த படகு வேண்டுமா, இப்போது கண்காட்சியில் கிடப்பது வேண்டுமா? அந்தக் கறுப்பு, சேற்றில் கிடந்ததாலும் மரத்திலிருந்த தண்ணீருக்குப் பதில் மெழுகு ஏற்றியதாலும் வந்தது. பெரும்பாலான பலகை தேவதாரு, அதற்குச் செம்பழுப்பு போடுங்கள். ஆனால் ஒரே டெக்ஸ்சரை எல்லாப் பலகைக்கும் ஒட்டாதீர்கள். பத்துக்குக் குறையாத மர வகைகள் அதில் இருக்கின்றன. ஏராவின் ஒரு துண்டு பழைய படகிலிருந்து எடுத்தது. காசில்லாத மீனவர் கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்ட படகு அது, ஒட்டுகள் தெரியட்டும்.

சிப்பி88:
கடைசியாக ஒன்று. அணியத்தின் முனைக் கட்டையே கிடைக்கவில்லையே, எதைப் பார்த்துச் செய்வது?

நள்ளிரவு_ரெண்டர்:
பக்கத்து மக்தலாவில் கிடைத்த மொசைக்கில் பாய், துடுப்புகளோடு ஒரு படகு இருக்கிறது. வடிவத்துக்கு அதைப் பாருங்கள், அளவெடுக்க வேண்டாம், கல் பதித்தவர் தச்சர் இல்லை. பாய்மரம் வைக்கலாம், அதற்கு ஏராவில் ஆணித்துளை இருக்கிறது. ஊகமாகச் சேர்ப்பதை மட்டும் தனி கலெக்‌ஷனில் வெளிர் சாம்பலாக விடுங்கள்.

சிப்பி88:
சாம்பல் நிற அணியத்தோடு ரெண்டர் (இறுதிப் படம் உருவாக்குவது) ஓடிக்கொண்டிருக்கிறது. மடிக்கணினி கதறுகிறது, காலையில் படம் போடுகிறேன்.