மறு: கேப்ஸ்யூலுக்குக் கூடு, மாத்திரைக்குப் பூச்சு

அன்புள்ள ஐயாவுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நம் மருந்தியல் கலைச்சொல் பட்டியலுக்கு ஐயா முன்மொழிந்த இந்த மூன்று சொற்களைப் பற்றி எழுதுகிறேன்.

> கிரான்யூல் – குருணை
> கேப்ஸ்யூல் – உறைமருந்து
> என்டெரிக் கோட்டட் டேப்லெட் – குடலுறை மாத்திரை

'குருணை' அருமையான தேர்வு, ஐயா. வயலுக்குப் போடும் குருணை மருந்து என்று ஊரில் ஏற்கெனவே புழங்குகிற சொல். மருந்துப் பொடியை அப்படியே மாத்திரை அழுத்தும் அச்சுக்குழியில் கொட்டினால் சீராக இறங்காது. ஒரு மாத்திரை கனத்துப் போகும், அடுத்தது இளைத்துப் போகும். அதனால்தான் ஸ்டார்ச் கூழ் விட்டுப் பிசைந்து, சல்லடையில் தேய்த்து, உலர்த்தி, அதன் பிறகு அழுத்துகிறோம். வகுப்பில் 'குருணையாக்கம்' என்று சொன்னால் பாதி விளக்கம் அதிலேயே வந்துவிடும்.

மற்ற இரண்டையும் மாற்றியாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

மருத்துவமனையில் உறைதல் என்றாலே இரத்தம் உறைவதுதான் நினைவுக்கு வரும். சீட்டில் 'உறைமருந்து' என்று இருந்தால், இரத்தம் உறையக் கொடுப்பது என்று ஒருவர் படித்துவிட வாய்ப்பிருக்கிறது. மருந்தின் பெயரில் இந்தக் குழப்பம் கூடவே கூடாது.

இன்னொன்று, இரண்டு வேறு பொருள்களுக்கு ஒரே 'உறை'யைக் கொடுத்திருக்கிறோம். செய்முறையைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். கெட்டியான கேப்ஸ்யூலில் ஓடுதான் முதலில் தயாராகிறது. எஃகு முளைகளை ஜெலட்டின் கரைசலில் முக்கி எடுத்து, உலரவிட்டு, உருவி, அளவாக வெட்டி, மூடியையும் உடலையும் கோத்துக் காலியாக அனுப்புகிறார்கள். அளவுக்கு 000 முதல் 5 வரை எண்கள் உண்டு. எண் ஏற ஏற ஓடு சிறிதாகும். பொடியோ குருணையோ அதற்குப் பிறகுதான் உள்ளே போகிறது. பூச்சு மாத்திரையில் எல்லாம் தலைகீழ். மாத்திரையை முதலில் அழுத்தி எடுத்து, சுழலும் கலத்தில் உருளவிட்டு, அதன் மேல் கரைசலைத் தெளித்து, சூடான காற்றில் உலர்த்துகிறார்கள். அந்தப் படலத்தைக் கேப்ஸ்யூல் மூடியைப் போலக் கழற்ற முடியாது.

ஆகவே முன்னதற்குக் 'கூடு', பின்னதற்குப் 'பூச்சு' என்று பிரித்துவிடலாம். கேப்ஸ்யூல் 'மருந்துக்கூடு', காலியானது 'வெற்றுக்கூடு'. மீன் எண்ணெய் வருகிறதே, அது 'மென்கூடு'. 'கூட்டுமருந்து' மட்டும் வேண்டாம். பல மருந்துகள் சேர்ந்த கலவை என்று பொருள் போய்விடும்.

குடலுறைக்கு வருகிறேன். இந்த மாத்திரையின் வேலையே இரைப்பை அமிலத்தில் கரையாமல் தாண்டிப் போவதுதான். பூச்சில்லாத மாத்திரை 37 டிகிரி நீரில் பொதுவாக 15 நிமிடத்துக்குள் உதிர வேண்டும். குடலுறை மாத்திரையையோ சோதனைக் கருவியில் வைத்து, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரண்டு மணி நேரம் ஏற்றி இறக்குகிறோம். ஒரு கீறல்கூட விழக் கூடாது. பிறகு அமிலத்தை மாற்றி, பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 6.8 உள்ள பாஸ்பேட் கரைசலை ஊற்றினால் பூச்சு கரைந்து, உள்ளே இருக்கும் மருந்து உதிரும். அமிலத்தில் கரையாமல், அமிலம் குறைந்த இடத்தில் மட்டும் கரையும் பாலிமர்கள் இதற்குப் பயன்படுகின்றன. நம் அரக்கும் இந்த வேலைக்குப் பயன்பட்டதுதான்.

எனவே 'அமிலந்தாங்கி மாத்திரை' என்று முன்மொழிகிறேன். சுமைதாங்கி சுமையை வைத்திருப்பது போல இதுவும் அமிலத்தை உள்ளே வைத்திருக்கும் என்று யாராவது நினைக்கலாம் என நம் குழுவில் உள்ள அக்கா கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இடிதாங்கி என்றால் இடியைத் தாக்குப்பிடிப்பது என்றுதானே யாரும் புரிந்துகொள்கிறோம்? அந்த வழியில் இதுவும் நிற்கும். சில மருந்துக்கூடுகளுக்குள் பூச்சிட்ட சிறு மணிகள் இருக்கும். அவற்றையும் 'அமிலந்தாங்கி மணிகள்' எனலாம். 'குடலுறை' அந்த இடத்தில் ஒட்டாது.

இந்தப் பெயரில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் வீடுகளில் நடப்பதுதான். பெரியவர்களால் விழுங்க முடியவில்லை என்று மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் என்றால் அது அமிலத்திலேயே சிதைந்துவிடும், கொடுத்தும் பயன் குறையும். வலி மருந்தான டைக்ளோஃபெனாக் என்றால் இரைப்பைக்குப் பூச்சு தந்த காப்பு போய்விடும். மலச்சிக்கலுக்கான பிசாகோடில் மாத்திரையைப் பாலோடு சேர்த்து விழுங்கினால்கூடப் பூச்சு முன்னதாகவே கரைந்து வயிற்றைப் பிடுங்கும். 'அமிலந்தாங்கி' என்று அட்டையில் இருந்தால், நசுக்கக் கூடாது என்பதை மருந்தாளுநர் ஒரே வரியில் சொல்லிப் புரியவைக்கலாம்.

மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடும் எஸ்.ஆர். வகைக்கு அக்கா எழுதிய 'மெல்லவிடு மாத்திரை' எனக்கு முழுச் சம்மதம். அதற்கு எதிரேயும் 'நசுக்கக் கூடாது' என்ற குறிப்பைச் சேர்த்துவிடுங்கள், ஐயா.

அன்புடன்,
மருந்தாளுநர் பயிற்சி வகுப்பு ஆசிரியர்