முன்னாள் ராணுவத்தினர் தெருவில் நிற்பது ஏன்? முதலில் வீடா, முதலில் சிகிச்சையா?

சான்டியாகோ சரவணன்:
2025 ஜூலையில் டிரம்ப் போட்ட உத்தரவைப் பற்றி இங்கே யாரும் வாய் திறக்கவில்லை. வீடில்லாதவர்களுக்கு நிபந்தனை எதுவும் போடாமல் முதலில் வீட்டைக் கொடுப்பது என்ற கொள்கைக்கு அமெரிக்க மத்திய அரசு இனி ஆதரவு தராது, சிகிச்சைக்கே முன்னுரிமை என்பதுதான் அதன் சாரம். மற்ற விஷயங்களில் நான் அவருக்கு எதிர்தான். இதில் மட்டும் ஒத்துப்போகிறேன், முக்கியமாக முன்னாள் ராணுவத்தினர் விஷயத்தில்.

2009இல் ஒபாமா அரசு என்ன சொன்னது? ஐந்தே வருடத்தில் ஒரு முன்னாள் வீரர்கூடத் தெருவில் இருக்க மாட்டார் என்றது. 2024 ஜனவரிக் கணக்கெடுப்பில் 32,882 பேர். குடி, போதை, போர் தந்த மனப் பாதிப்பு எல்லாம் சேர்ந்த ஒருவரின் கையில் சாவியைக் கொடுத்தால் கதவைச் சாத்திக்கொண்டு அதே குடிதான். முதலில் சிகிச்சை, அப்புறம் வேலை, அப்புறம் வீடு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வரலாம்.

மலர் ஹூஸ்டன்:
சரவணன், 32,882 என்று சொன்னீர்கள், எங்கிருந்து இறங்கி வந்தது என்பதைச் சொல்லவில்லையே. 2010இல் அது 74,000க்கு மேல். பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. அதே 2024இல் நாட்டில் வீடில்லாதவர்களின் மொத்த எண்ணிக்கை 7,71,480. ஒரே வருடத்தில் 18 சதவீதம் ஏறியது. அத்தனை பேரும் ஏறிய வருடத்தில் முன்னாள் ராணுவத்தினர் மட்டும் இறங்கினார்கள். வாடகை அவர்களுக்கும் ஏறியது, போதைப் பொருள் அவர்களுக்கும் கிடைத்தது. வேறு யாருக்கும் இல்லாமல் அவர்களுக்கு மட்டும் என்ன இருந்தது என்று யோசியுங்கள்.

நான் இங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் கேஸ் ஒர்க்கர், அதாவது உதவி தேடி வருகிறவரின் கூடவே இருந்து கவனிக்கும் ஆள். ஹட்-வாஷ் என்று ஒரு திட்டம். வீட்டு வசதித் துறை வாடகை வவுச்சர், அதாவது வாடகையில் ஒரு பங்கை அரசே ஏற்கும் சீட்டு, தரும், முன்னாள் ராணுவத்தினர் துறையான வி.ஏ. ஒரு கேஸ் ஒர்க்கரைத் தரும். 1992இல் தொடங்கியது என்றாலும் 2008க்குப் பிறகுதான் வருடத்துக்குப் பத்தாயிரம் வவுச்சர் கணக்கில் பெரிதானது. இலவசம் என்று நினைக்காதீர்கள், வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தைக் குடியிருப்பவர் கட்டியாக வேண்டும். சிகிச்சைக்கு வரச் சொல்லி நாங்கள் விடாமல் நச்சரிப்போம். வரவில்லை என்பதற்காக வீட்டைப் பிடுங்க மாட்டோம், அவ்வளவுதான். காரில் தூங்குகிற ஆளை வாராவாரம் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவது எப்படி என்று யாராவது சொல்லுங்கள். மாத்திரையை எங்கே வைப்பார்? அப்பாயின்ட்மென்ட் கடிதம் எந்த முகவரிக்கு வரும்?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேருக்கும் கொஞ்சம் திருத்தம்.

மலர் அவர்களே, 2010இல் முன்னாள் ராணுவத்தினரே சுமார் இரண்டே கால் கோடிப் பேர். இப்போது ஒன்றே முக்கால், ஒன்றே முக்காலே அரைக்கால் கோடி. ஆளே குறைந்தபோது தெருவில் இருப்பவர்களும் கொஞ்சம் குறையத்தான் செய்வார்கள். அதைக் கழித்தாலும் உங்கள் பக்கம்தான் நிற்கிறது, ஆனால் கழித்துவிட்டுப் பேசுங்கள். இன்னொன்று, அந்தக் கணக்கெடுப்பு ஜனவரி மாதத்தில் ஒரே ஓர் இரவில் எண்ணுவது. நண்பர் வீட்டு சோபாவில் படுத்திருப்பவர் அதில் வர மாட்டார்.

சரவணன், போர்தான் காரணம் என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். 1990களில் இதை ஆராய்ந்தவர்களுக்கே அதிர்ச்சி. வியட்நாம் போன தலைமுறையைவிட, 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்ற பிறகு சேர்ந்த, பெரும்பாலும் போரையே பார்க்காத இளைஞர்கள்தான் தங்கள் வயதுக்காரர்களைவிடப் பல மடங்கு அதிகமாகத் தெருவில் இருந்தார்கள். கட்டாயம் போன பிறகு ராணுவத்துக்கு வந்தவர்களில் வேறு வழியில்லாத ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகம். திரும்பிப் போனாலும் தாங்கிப் பிடிக்க வீட்டில் வசதி இல்லை. குண்டுச் சத்தத்தை மட்டும் குற்றம் சொன்னால் இது கண்ணில் படாது.

பழைய பட்டாளம்:
நான் இருபத்து நாலு வருடம் சர்வீஸ் போட்டு ஹவில்தாராக வந்தவன், ஊர் குடியாத்தம் பக்கம். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பார்கள். ரிட்டையர் ஆனவன் பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்பான், சிலர் குடித்தே அழிந்தும் போயிருக்கிறார்கள். ஆனால் தெருவில் படுத்தவனை நான் பார்த்ததில்லை. பென்ஷன் வரும், வைத்தியத்துக்கு ஈ.சி.எச்.எஸ். இருக்கிறது, எதுவும் இல்லையென்றாலும் அப்பா கட்டிய வீட்டில் ஒரு திண்ணை இருக்கும். உலகத்திலேயே ராணுவத்துக்கு அதிகம் செலவு செய்கிறவனுடைய சிப்பாய்க்கு பென்ஷன் எங்கே போனது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

மலர் ஹூஸ்டன்:
நல்ல கேள்வி ஐயா. இங்கே இருபது வருடம் முடித்தால்தான் முழு பென்ஷன். சேர்கிறவர்களில் ஐந்தில் ஒருவர்கூட அதுவரை இருப்பதில்லை. நாலு வருடம், ஆறு வருடம் என்று ஒப்பந்தம் முடிந்து போய்விடுகிறார்கள். பதினெட்டு வயதில் உள்ளே போனபோது சாப்பாடு, படுக்கை, வைத்தியம் எல்லாம் ராணுவம் கொடுத்தது. வெளியே வரும் நாளில் மூன்றும் ஒன்றாக நிற்கும். இருபத்திரண்டு வயதில் அதுவரை ஒரு வாடகை ஒப்பந்தத்தில்கூடக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார். வீட்டுக்காரர் கிரெடிட் ஸ்கோர் எவ்வளவு என்பார்.

வெளியே வருகிறவர்களுக்கு டாப் என்று ஒரு பயிற்சி உண்டு, 2011 சட்டத்துக்குப் பிறகு பெரும்பாலோருக்குக் கட்டாயம். ஒரு வருடம் முன்பே தொடங்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலானவர்கள் அப்படித் தொடங்குவதே இல்லை என்று அரசின் தணிக்கை அமைப்பே 2022இல் சொல்லிவிட்டது. மேலதிகாரி வேலையிலிருந்து விட மாட்டார், கடைசி நேரத்தில் ரெஸ்யூம் எழுதும் வகுப்பில் உட்கார வைப்பார்கள். இயலாமை உதவித்தொகைக்கு வெளியே வருவதற்கு 180 நாளிலிருந்து 90 நாள் முன்புவரை விண்ணப்பித்தால் வந்தவுடன் பணம் கிடைக்க வாய்ப்புண்டு. அந்தக் காலக்கெடுவே தெரியாமல் வந்து, மாதக்கணக்கில் காத்திருந்து, அந்த மாதங்களில்தான் வீட்டை இழக்கிறார்கள். என்னிடம் வருகிறவர்களில் இந்த ரகம் நிறைய.

சான்டியாகோ சரவணன்:
அப்படியானால் நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள், பிரச்சினை வீடு இல்லை, வெளியே அனுப்பும் முறை. அந்தப் பணத்தை அங்கே போடுங்கள் என்கிறேன். அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகங்கள் 2018இல் வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். நிரந்தர வீடு கொடுத்தால் வீட்டில் தங்குகிறார்கள், சரி. உடல்நலமும் மனநலமும் அதனால் தேறியதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். நான்கு சுவருக்குள் ஒரு மனிதன் தனியாகச் சாவதை வெற்றி என்று கணக்கில் எழுதுவீர்களா?

மலர் ஹூஸ்டன்:
தெருவில் சாவதைவிட மேல். கோபத்தில் சொல்கிறேன், மன்னிக்கவும். அந்த அறிக்கை உண்மைதான். வீடு குடியை நிறுத்தும் என்று நாங்கள் சொல்லவே இல்லை, வீடின்மையை நிறுத்தும் என்றோம். குடியை நிறுத்திவிட்டு வா என்று சொன்ன விடுதிகளில் முதல் வாரத்திலேயே வெளியேற்றப்பட்டு மறுபடி பாலத்தடிக்கு வந்தவர்களை எண்ணி முடியாது. ஹூஸ்டனில் வீட்டை முன்னால் வைத்ததால்தான் 2015இல் முன்னாள் ராணுவத்தினர் அளவில் வீடின்மையை முடித்துவிட்டோம் என்று நகரமே அறிவிக்க முடிந்தது. முடித்துவிட்டோம் என்றால் ஒருவரும் இல்லை என்று அர்த்தமில்லை, புதிதாக வருகிறவருக்குச் சீக்கிரம் வீடு கிடைக்க வழி இருக்கிறது என்று அர்த்தம்.

பழைய பட்டாளம்:
பென்ஷன் இல்லை என்றதும் புரிந்துவிட்டது. ஆனால் அம்மா, ஒழுங்கு நடவடிக்கையில் வெளியே போனவனுக்கும் வீடு கொடுப்பீர்களா? எங்கள் காலத்தில் டிஸ்சார்ஜ் புக்கில் கறை விழுந்தால் அதோடு சரி. அந்தப் பயம்தான் மற்றவனை ஒழுங்காக வைத்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:
ஐயா, அங்கேதான் சூட்சுமமே. ஈராக், ஆப்கானிஸ்தான் தலைமுறையில் வி.ஏ. மருத்துவமனைகளுக்கு வந்தவர்களின் பதிவுகளை வைத்து 2015இல் ஓர் ஆய்வு வந்தது. ஒழுங்கீனத்துக்காக வெளியேற்றப்பட்டவர்கள் அதில் ஆறு சதவீதம்கூட இல்லை. முதல் தடவை வரும்போதே வீடில்லாமல் இருந்தவர்களில் கால்வாசி அவர்கள்தான். உதவியை மறுத்தால் அந்தக் கால்வாசி உங்கள் தெருவில்தான் நிற்கும்.

பழைய பட்டாளம்:
நிற்கட்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வருடம் ஒழுங்காக இருந்தவனையும் அவனையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள்.

மலர் ஹூஸ்டன்:
ஐயா, அவர்களில் சிலர் இரண்டாவது முறை ஈராக் போய்வந்த பிறகு தூக்கம் வராமல் கஞ்சா பிடித்து மாட்டியவர்கள். போவதற்கு முன் அவர்கள் பேரில் ஒரு கறையும் கிடையாது. 2021இல் சட்டத்தை மாற்றி, அப்படிப்பட்ட பலருக்கும் ஹட்-வாஷ் கிடைக்க வழி செய்தார்கள். வரிசையில் பின்னால் நிறுத்துங்கள், பரவாயில்லை. வரிசையிலிருந்தே தள்ளாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
சரவணன், உங்கள் கலிஃபோர்னியாவிலேயே ஒரு கூத்து. மேற்கு லாஸ் ஏஞ்சலஸில் வி.ஏ.வுக்கு 388 ஏக்கர். 1888இல் உடல் ஊனமான சிப்பாய்கள் தங்குவதற்கென்றே தானமாகக் கொடுத்த நிலம் அது. அதில் ஒரு பல்கலைக்கழகத்தின் பேஸ்பால் மைதானம், பணக்காரத் தனியார் பள்ளியின் விளையாட்டுத் திடல், எண்ணெய்க் கிணறு. மதில் ஓரத்தில் சான் விசென்டே சாலையில் முன்னாள் வீரர்களின் கூடாரங்கள். வழக்குப் போட்டு, 2015இல் சமரசம் ஆகி, 1,200 வீடு கட்டுவதாகத் திட்டம் போட்டார்கள். பெரும்பகுதி எழும்பவே இல்லை. மறுபடி வழக்கு, 2024 செப்டம்பரில் நீதிபதி டேவிட் கார்ட்டர் அந்தக் குத்தகைகள் செல்லாது என்றார்.

இதைவிடக் கொடுமை, கட்டிய வீடுகளுக்கான வருமான வரம்பு. நூறு சதவீதப் பாதிப்பு என்று சான்று உள்ளவருக்கு 2024இல் மாதம் சுமார் 3,700 டாலர் உதவித்தொகை வந்தது. அதையும் வருமானம் என்று எண்ணியதால் மிக ஏழைகளுக்கென்று ஒதுக்கிய வீடு அவருக்குக் கிடைக்கவில்லை. பாதிப்பு குறைந்தவருக்குக் கிடைத்தது! 2024 ஆகஸ்டில்தான் அந்த விதியை மாற்றினார்கள். சாவிக்கு முன் சிகிச்சையா பின் சிகிச்சையா என்று நாம் இங்கே சண்டை போடுகிறோம், அங்கே சாவியே செய்யவில்லை.

சான்டியாகோ சரவணன்:
அந்த வருமான விதி எனக்குப் புதுச் செய்தி, அநியாயம்தான். ஆனால் அதே நிலத்தில் 2028க்குள் 6,000 பேருக்கு இடம் செய்ய வேண்டும் என்று 2025 மே மாதம் உத்தரவு போட்டதும் இதே டிரம்ப்தான். இடம், சிகிச்சை, வேலைப் பயிற்சி மூன்றும் ஒரே வளாகத்தில். நான் கேட்பதும் அதைத்தான்.

மலர் ஹூஸ்டன்:
மே மாதம் 6,000 இடம், ஜூலையில் முதலில் வீடு கிடையாது. எதை நம்புவது? நிதி ஒதுக்கீடு வரட்டும், அப்புறம் கைதட்டுகிறேன். வளாகமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும் என்பவர் போகட்டும். பட்டாளத்திலிருந்து வெளியே வந்தவரை மறுபடி வேலிக்குள் வைத்தால் பாதிப் பேர் இரண்டாம் நாளே ஓடிவிடுவார்கள். அவர்களுக்கு ஊருக்குள் ஒரு சாதாரண அபார்ட்மென்ட் போதும்.

பழைய பட்டாளம்:
வேலி விஷயத்தில் அம்மா சொல்வதுதான் சரி, எனக்கே திரும்பிப் போக மனம் வராது. நான் கேட்க வந்தது வேறு. அக்னிபத்தில் நாலு வருடத்துக்குப் போன பையன்கள் எங்கள் ஊரில் நிறைய. முதல் பேட்ச் 2026 கடைசியிலிருந்து திரும்ப ஆரம்பிக்கும். நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத்தான் வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களுக்குப் பதினொன்றரை லட்சத்துச் சொச்சம் பணம், பென்ஷன் கிடையாது. அம்மா சொன்ன 180 நாள் கணக்கு, வெளியே வருவதற்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டிய காகிதங்கள், இதெல்லாம் அமெரிக்காவில் யார் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள், யூனிட்டிலேயா, வெளியிலா? விவரமாக எழுதினால் இங்கே முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் காட்டிக் கேட்பேன்.

மலர் ஹூஸ்டன்:
இரண்டு இடத்திலும் ஐயா. முகாமுக்குள்ளேயே வி.ஏ. ஆட்கள் வகுப்பு எடுப்பார்கள், வெளியே முன்னாள் வீரர் சங்கங்களில் பயிற்சி பெற்ற ஆட்கள் காசு வாங்காமல் விண்ணப்பம் எழுதித் தருவார்கள். இரண்டாவது வழிதான் நன்றாக வேலை செய்கிறது. சனிக்கிழமை உட்கார்ந்து தனியாக எழுதுகிறேன்.