ஓர்க்குக்குத் தாய் இல்லையாம்! பினாங்கு சந்திப்பில் பேசியவருக்கு

செந்தூல்காரன்:
டோல்கீனோட கதைகள்ல கெட்டவங்க படையா வர்ற கொடூர இனம்தான் ஓர்க். போன வாரம் ஜார்ஜ்டவுன் பகடை விளையாட்டுச் சந்திப்புல ஒருத்தர் மைக்கைப் பிடிச்சு, "ஓர்க்குக்கு ஆத்தாளும் இல்ல அப்பனும் இல்ல, சேத்துல இருந்து தோண்டி எடுப்பாங்க"ன்னு பேசியிருக்காரு. புதுசா வந்த பிள்ளைங்க அதை அப்படியே எழுதி வச்சிருக்குதுங்க. கேட்டதுல இருந்து எனக்கு மனசே ஆறல. 2001ல வந்த 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்துல, ஐசன்கார்டு கோட்டைக் குழியில சவ்வைக் கிழிச்சுக்கிட்டு ஊருக்-ஹைங்கற பெரிய ஓர்க் வகை எழுந்து வரும். அது படம் எடுத்தவங்க வேலை. டோல்கீன் 1937ல எழுதின 'தி ஹாபிட்'டை எடுத்துப் புரட்டுங்க. கதாநாயகன் பில்போவைப் பார்க்கறதுக்குச் சில மணி நேரம் முந்திதான் 'கொல்லும்'ங்கற குகைவாசி, ஆளை மறைக்கற மோதிரத்தை மாட்டிக்கிட்டுப் போய் ஒரு கோப்ளின் குட்டியைப் பிடிச்சிருப்பான். அது கீச்சுன்னு கத்தினது வரைக்கும் எழுதியிருக்கு. கோப்ளினும் ஓர்க்கும் ஒரே இனம். முழு ஆளா சேத்துல இருந்து எழுந்து வர்ற இனத்துக்குக் குட்டி எங்கிருந்து வந்துச்சு?

தண்ணீர்மலை வேலன்:
மைக்கைப் பிடிச்சவன் நான்தான். என் பேரைச் சொல்லித் திட்டவே துணிச்சல் இல்லையா அண்ணே? நான் படத்தை வச்சுப் பேசல. கோண்டோலின் நகர வீழ்ச்சிக் கதையை டோல்கீன் முதன்முதலா எழுதினது 1916-17ல. அதுல, பூமிக்கடியில இருக்கற சூட்டுலயும் சகதியிலயும் அந்தக் கதை உலகத்தோட முதல் தீய சக்தி மெல்கோர் உண்டாக்கின கூட்டம்தான் ஓர்க்குன்னு அவர் கையாலேயே எழுதியிருக்காரு. 1984ல அச்சுலயும் வந்துருச்சு. சகதி என் கற்பனை இல்ல. அப்புறம் அந்தக் குட்டி. ஓர்க்குல குள்ள வகைங்க உண்டு. இருளோட நாடான மோர்டோர்ல மோப்பம் பிடிச்சுக்கிட்டுப் போறது அப்படி ஒரு சின்ன உருவம்தான். கொல்லும் பிடிச்சதும் அந்த மாதிரி ஒன்னுதான்.

செந்தூல்காரன்:
1916ல எழுதினதை அவரே தூக்கிப் போட்டுட்டாரு தம்பி. இருளால உயிரைப் படைக்க முடியாது, இருக்கறதைக் கெடுக்கத்தான் முடியும்னு 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'ல சிரித் உங்கோல் கோபுரத்துல ஃப்ரோடோ தன் தோழன் சாமுக்குச் சொல்றது உங்க கண்ணுல படலையா? 1977ல வந்த 'தி சில்மரில்லியன்' இன்னும் தெளிவாச் சொல்லுது. மெல்கோர், வயசாகிச் சாகாத இனமான எல்ஃபுகளைப் பிடிச்சு அடைச்சு, சித்திரவதை பண்ணி, அவங்கள்ல இருந்து ஓர்க்கை உண்டாக்கினான். படைச்ச கடவுள் இலூவதாரோட பிள்ளைங்க, அதாவது எல்ஃபும் மனுசனும் பெருகற மாதிரியே ஓர்க்கும் பெருகுச்சு. இதுல சேறு எங்க இருக்கு? குள்ள வகைன்னு சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீங்க. குட்டிக்குப் பதில் வரல.

தண்ணீர்மலை வேலன்:
'சில்மரில்லியன்' வந்தப்போ டோல்கீன் உயிரோடவே இல்ல. 1973ல போயிட்டாரு. மகன் கிறிஸ்டோபர் காகிதக் கட்டுல இருந்து பொறுக்கிச் சேர்த்தது அது. 1993ல புத்தகமா வெளிவந்த டோல்கீன் குறிப்புகளைப் பாருங்க. ஒரு இடத்துல ஓர்க் வெறும் மிருகம், பேச்செல்லாம் எஜமான் பதிச்சு வச்சதுங்கறாரு. இன்னொரு இடத்துல மனுசங்கள்ல இருந்து வந்ததுங்கறாரு. எழுதினவரே கடைசி வரைக்கும் ஒரு முடிவுக்கு வரல. செந்தூல்ல உட்கார்ந்துக்கிட்டு நீங்க தீர்ப்பு எழுதுறீங்க.

பாலிக் புலாவ் மீனா:
வேலன் தம்பி, 1963ல ஒரு வாசகிக்கு எழுதின கடிதத்துல, ஓர்க்குப் பெண்கள் இருந்தே ஆகணும்னு டோல்கீனே சொல்லியிருக்காரு. கதையில வர்ற ஓர்க்குங்க எல்லாம் படை வீரனாவே வர்றதால அவங்க குடும்பம் நமக்குத் தெரியாமப் போச்சுன்னும் காரணம் எழுதியிருக்காரு. இதுக்கு மேல என்ன வேணும்?

தண்ணீர்மலை வேலன்:
அக்கா, கடிதம் கதை ஆகாது. கதைக்குள்ள ஒரே ஒரு ஓர்க்குப் பொம்பளையைக் காட்டுங்க. நான் ஒதுங்கிக்கிறேன்.

செந்தூல்காரன்:
காட்டச் சொன்னா எல்லாத்தையும் காட்டணும். குள்ளர்கள்ல (ஓர்க்குல குள்ள வகை இல்ல, ட்வார்ஃப்ங்கற தனி இனம்), கதையில பேர் தெரிஞ்ச பெண் தீஸ் ஒருத்திதான். அவங்க இனத்துலயே மூணுல ஒரு பங்குக்கு மேல பெண்கள் இல்ல, இருக்கறவங்களும் வெளியில வர்றது அபூர்வம். அதனாலதான் குள்ளர்கள் கல்லுல இருந்து முளைக்கறாங்கன்னு மனுசங்க நம்பினாங்க. அது முட்டாள்தனமான நம்பிக்கைன்னு 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' பின்னிணைப்புலயே போட்டிருக்கு. கல்லை எடுத்துட்டு அங்க சேத்தை வச்சா அதுதான் உங்க பேச்சு.

கணக்குக்கு வாங்க. கதையோட காலக்கணக்குல மூன்றாம் யுகம் 2941ல ஐந்து படைப் போர். வடக்குக் கோப்ளின் வீரர்கள்ல முக்கால்வாசிப் பேர் அன்னிக்கே செத்தாங்க. அதுக்கப்புறம் பல வருசம் மலைப் பக்கம் அமைதியா இருந்துச்சு. சேத்துல இருந்து தோண்டி எடுக்கலாம்னா அடுத்த மழைக்கே புதுப் படை நின்னிருக்காதா? பல வருசம் ஏன் ஆச்சு? பெத்து வளர்க்கணும், அதுக்குத்தான் அத்தனை காலம். அந்தப் போர்ல செத்த கோப்ளின் தலைவன் போல்குக்கு அப்பன் உண்டு. அஸோக். மோரியா சுரங்க வாசல்ல குள்ளர் இனத்து டாயின் கொன்னானே, அவன்தான். அப்பன் இருக்கான், மகன் இருக்கான், குட்டி இருக்கு. நடுவுல ஆத்தா மட்டும் இல்லையா?

கிள்ளான் சுறா:
அஸோக் செத்தது 2799. போல்க் செத்தது 2941. அப்போ போல்குக்குக் குறைஞ்சது 142 வயசு. இதைப் பத்தி யாரும் வாயே திறக்கல. ஓர்க்குக்கு எல்ஃப் ஆயுசு இருக்குன்னு நான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு வர்றேன். ஷாக்ரட், கோர்பாக்னு ரெண்டு ஓர்க்குத் தலைவனுங்க அந்தப் பழைய பெரிய முற்றுகையைப் பத்தி நேத்து நடந்த மாதிரி பேசிக்குவாங்க. அது இரண்டாம் யுகத்துக் கதை, மூவாயிரம் வருசத்துக்கு முந்தினது.

பாலிக் புலாவ் மீனா:
நம்ம வீட்டுலயும் ஜப்பான்காரன் காலத்தைப் பத்திப் பேசறோம். அதுக்காக நாம எல்லாரும் அப்போ பொறந்துட்டோமா?

கிள்ளான் சுறா:
142க்குப் பதில் சொல்லுங்க அக்கா. ஜப்பான்காரனை இழுக்காதீங்க.

செந்தூல்காரன்:
ஆயுசு வேற இழை. இங்க குட்டிதான் பேச்சு.

தண்ணீர்மலை வேலன்:
உங்களுக்கு எல்லாமே வேற இழைதான். பெரிய ஆராய்ச்சி பேசுறீங்களே, அந்த 1993 புத்தகத்தை என்கிட்ட இருந்துதானே வாங்கிட்டுப் போனீங்க? ரெண்டு தீபாவளி தாண்டிருச்சு, இன்னும் வீடு வந்து சேரல. அதைப் படிச்சுட்டு எனக்கே பாடம் எடுக்கறீங்க.

செந்தூல்காரன்:
புத்தகத்தைக் கொடுக்கத்தான் ஈடிஎஸ் ரயில் ஏறி பட்டர்வொர்த் வந்து, ஃபெர்ரியும் பிடிச்சு வந்தேன். சந்திப்பை ரத்து பண்ணிட்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம இருந்தது யாரு? கே.எல்.காரன்னா, அதாவது கோலாலம்பூர்காரன்னா, உங்க ஆளுங்களுக்கு எப்பவும் இளப்பம்தான்.

தண்ணீர்மலை வேலன்:
கே.எல்.ல நடத்தினா மட்டும் எங்களுக்கு நாற்காலி போட்டு வைப்பீங்களா? போன தடவை எங்க பிள்ளைங்க நாலு பேரும் படிக்கட்டுலதான் உட்கார்ந்து விளையாடுனாங்க.

பாலிக் புலாவ் மீனா:
அதுவும் உண்மைதான். நானும் அங்க இருந்தேன்.

செந்தூல்காரன்:
நாற்காலியைப் பத்தித் தனியாப் பேசிக்கலாம். ஐசன்கார்டு மந்திரவாதி சாருமான் ஓர்க்கையும் மனுசனையும் கலந்துட்டானோன்னு, மரம் மாதிரி இருக்கற ட்ரீபியர்ட் சந்தேகப்படறாரு. அரை ஓர்க்குங்க ஐசன்கார்டுல இருந்தாங்க. ரெண்டு இனம் கலக்கணும்னா ரெண்டு பக்கமும் பெத்துக்கற உடம்பு வேணும். சேறு எப்படிக் கலக்கும்? சந்திப்புல அந்தப் பிள்ளைங்ககிட்ட மறுபடி மைக் வாங்கி இதைச் சொல்லுங்க.

தண்ணீர்மலை வேலன்:
சாருமான் வர்றது மெல்கோருக்கு எத்தனையோ ஆயிரம் வருசம் கழிச்சு. முதல் ஓர்க் எப்படி வந்துச்சுன்னுதான் நான் பேசினேன், அது சகதியில இருந்துதான். மைக்கெல்லாம் வாங்க மாட்டேன். அடுத்த சந்திப்பும் ஜார்ஜ்டவுன்லதான், பேசப் போறதும் நான்தான். வர்றப்போ புத்தகத்தை எடுத்துட்டு வாங்க.

கிள்ளான் சுறா:
142.