ஹெக்293 செல்லில் ட்ரெம்2: ஆர்47ஹெச்சுக்கும் இயல்பு வடிவத்துக்கும் வித்தியாசமே வரவில்லை, எங்கே பார்ப்பது?

நியூரோ_முகில் (கேள்வி)

வணக்கம். மூளையின் நோயெதிர்ப்புச் செல்லான மைக்ரோக்ளியாவில் இருக்கும் ட்ரெம்2 ஏற்பியின் ஆர்47ஹெச் மாற்றத்தை (47-ஆம் ஆர்ஜினின் ஹிஸ்டிடினாக மாறுவது) இயல்பு வடிவத்தோடு ஒப்பிட ஹெக்293 (மனிதக் கருவின் சிறுநீரகச் செல்) வரிசை உருவாக்கியிருக்கிறோம். ட்ரெம்2 ஒரு லென்டிவைரஸில், அதன் சிக்னலை உள்ளே கடத்தும் துணைப் புரதம் டேப்12 இன்னொரு லென்டிவைரஸில். பியூரோமைசின், பிளாஸ்டிசிடின் இரண்டும் போட்டுத் தேர்வு செய்து, தனித்தனி குளோன்களாகப் பிரித்து வளர்க்கிறோம். ஹெச்ஏ டேக் (ஆன்டிபாடியால் கண்டறிய வைக்கும் அடையாளத் துண்டு), சிக்னல் பெப்டைடுக்குப் பின்னால் இருக்கிறது.

இப்போதைய நிலை இது. டிரிப்சின் போட்டு எடுத்து ஃப்ளோ சைட்டோமெட்ரியில் பார்த்தால் மேற்பரப்பு ஹெச்ஏ சிக்னல் குளோனுக்குக் குளோன் மாறுகிறது, மொத்தத்தில் குறைவாகவும் இருக்கிறது. தூண்டாத செல்லிலேயே பாஸ்போ-சிக் (டேப்12-க்கு அடுத்து வேலைசெய்யும் சிக் என்சைமின் பாஸ்பேட் ஏறிய வடிவம்) அதிகம். ட்ரெம்2-ஐத் தூண்டும் ஆன்டிபாடி 10 மைக்ரோகிராம்/மி.லி., 5 நிமிடம் கொடுத்தால் சிக்னல் ஏறுகிறது. ஆனால் இயல்பும் ஆர்47ஹெச்சும் ஒரே அளவுக்கு ஏறுகின்றன. ஆர்47ஹெச் செயல்குறைவான மாற்றம் என்றுதானே படிக்கிறோம்? குறை கன்ஸ்ட்ரக்டிலா, செல்லிலா, அஸேயிலா?

ஹூட்_நம்பர்_2

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: உங்கள் முடிவு தப்பில்லை, தூண்டுபொருள்தான் பொருத்தமில்லை. ஆர்47ஹெச் புரதம் பெரும்பாலும் ஒழுங்காகவே மடிந்து மேற்பரப்புக்கு வந்துவிடும். 47-ஆம் இடத்து ஆர்ஜினின், லிகாண்டு ஒட்டுகிற நேர்மின் பரப்பில் உட்கார்ந்திருக்கிறது. அது போனால் பாஸ்பாடிடைல்செரின், சல்ஃபடைடு மாதிரி எதிர்மின் கொழுப்புகளைப் பிடிப்பது குறைகிறது. வேறொரு இடத்தில் ஒட்டும் ஆன்டிபாடி இரண்டு ஏற்பிகளைச் சேர்த்து இழுத்தால் அந்தப் பரப்புக்கு வேலையே கிடையாது. டேப்12 இருக்கிறது, சிக் இருக்கிறது, சிக்னல் வரத்தான் செய்யும். ஆகவே ஆன்டிபாடியை "இரண்டு வரிசைகளின் சிக்னல் பாதையும் சமமாக உயிரோடு இருக்கிறது" என்பதற்கான கன்ட்ரோலாக வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான ஒப்பீட்டை லிப்போசோமில் (கொழுப்பாலான நுண்குமிழி) செய்யுங்கள்.

டிஓபிசி (மின்சுமை நடுநிலையான கொழுப்பு), டிஓபிஎஸ் (பாஸ்பாடிடைல்செரின்) 70:30 மோல் விகிதம். குளோரோஃபார்மை நைட்ரஜனில் உலர்த்தி, வாக்குவமில் ஒரு மணி நேரமாவது வைத்து, பஃபரில் கரைத்து, 100 நானோமீட்டர் சவ்வு வழியே எக்ஸ்ட்ரூடரில் பத்துப் பதினைந்து முறை தள்ளுங்கள். பக்கத்தில் 100% டிஓபிசி லிப்போசோமும் ஓடவேண்டும். இல்லாவிட்டால் கொழுப்பு பட்டாலே வரும் விளைவையும் செரினால் வரும் விளைவையும் பிரிக்க முடியாது. ஒரே டோஸ் வேண்டாம். 1 மி.கி./மி.லி.யிலிருந்து மும்மடங்கு நீர்த்தல்களாக எட்டுப் புள்ளி போடுங்கள். ஆர்47ஹெச்சின் வித்தியாசம் நடு டோஸில்தான் தெளிவாக விரியும். உச்ச டோஸில் மட்டும் பார்த்தால் சுருங்கிப்போகலாம்.

அடுத்தது, இரண்டு லென்டிவைரஸ் என்ற வடிவமைப்பு. இதை நான் மாற்றச் சொல்வேன். ஒவ்வொரு குளோனிலும் ட்ரெம்2 எத்தனை நகல், எங்கே நுழைந்தது, டேப்12 எத்தனை என்பதெல்லாம் வேறு வேறு. டேப்12 போதாத குளோனில் ட்ரெம்2 மேற்பரப்பில் இருந்தும் சிக்னல் தராது. இப்படிப்பட்ட குளோன்களில் நீங்கள் ஒப்பிடுவது ஆர்47ஹெச்சை அல்ல, நுழைந்த இடத்தை.

ஃப்ளிப்-இன் டி-ரெக்ஸ் 293 எடுங்கள். அதில் எஃப்ஆர்டி தளம் (ரீகாம்பினேஸ் என்சைம் ஜீனை நுழைக்கும் குறித்த இடம்) ஏற்கெனவே இருக்கிறது. எல்லா வடிவங்களும் அதே இடத்தில் ஒரே நகலாக உட்காரும். தாய் வரிசையை ஜியோசின் 100, பிளாஸ்டிசிடின் 15 மைக்ரோகிராம்/மி.லி.யில் பராமரிக்கலாம். டிரான்ஸ்ஃபெக்‌ஷன் அன்று மீடியத்தில் ஜியோசின் இருக்கக் கூடாது. ரீகாம்பினேஸைத் தரும் பிஓஜி44-உம் உங்கள் பிசிடிஎன்ஏ5/எஃப்ஆர்டி/டிஓ பிளாஸ்மிடும் 9:1. ஆறு குழித் தட்டில் ஒரு குழிக்கு 1.8 மைக்ரோகிராமும் 0.2 மைக்ரோகிராமும். பலர் இந்த விகிதத்தைத் தலைகீழாகப் போட்டுவிடுகிறார்கள். ரீகாம்பினேஸ் குறைவாகவும் உங்கள் பிளாஸ்மிட் அதிகமாகவும் போனால், எஃப்ஆர்டி அல்லாத இடங்களில் தற்செயலாக நுழைவது கூடும். 48 மணி கழித்து 25 விழுக்காட்டுக்குக் கீழ் அடர்த்தி வரும்படி பிரித்து, செல் ஒட்டிய பிறகு ஹைக்ரோமைசின். 100 முதல் 200 மைக்ரோகிராம்/மி.லி.க்குள் எது என்பதை உங்கள் தாய் வரிசையில் கில் கர்வ் போட்டு முடிவு செய்யுங்கள். நெருக்கமாக இருக்கும் செல்கள் மருந்துக்குத் தப்பிவிடும். இரண்டு வாரத்தில் திட்டுகள் தெரியும். அவற்றைத் தனியாகப் பொறுக்க வேண்டியதில்லை, எல்லாவற்றையும் சேர்த்தே எடுக்கலாம். சரியாக நுழைந்த செல் ஜியோசினில் சாகும். ஒரு சிறு பங்கை ஜியோசினில் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ட்ரெம்2-உம் டேப்12-உம் ஒரே கேசட்டில், நடுவில் டி2ஏ (ஒரே ஆர்என்ஏவிலிருந்து இரண்டு தனிப் புரதம் வரவைக்கும் வரிசை). ஐஆர்இஎஸ் வைத்தால் பின்னால் வரும் ஜீன் பெரும்பாலும் குறைந்தே வெளிப்படும். 2ஏ-வின் மிச்சம் முதல் புரதத்தின் சி-முனையில் இருபது அமினோ அமிலம் போல ஒட்டியிருக்கும். ட்ரெம்2-ஐ முன்னால் வைத்தால் அந்த வால் அதன் குட்டையான உட்புற முனையில் போய்விடும், டேப்12-இன் சிக்னல் கடத்தும் ஐடாம் பகுதி சுத்தமாக இருக்கும். பிரியாமல் சேர்ந்தே வந்த புரதம் எவ்வளவு என்று வெஸ்டர்னில் ஒருமுறை பார்க்கவும்.

இந்த வரிசையில் ஜீனை இயக்கிவிடுவது டாக்சிசைக்ளின். அதில் 1 மைக்ரோகிராம்/மி.லி. என்பது உச்சம். 10 நானோகிராமிலிருந்து டைட்ரேட் செய்யுங்கள். உங்கள் அடிப்படை பாஸ்போ-சிக் தொல்லையில் பாதி அங்கேயே தீரும். சீரம் கட்டாயம் டெட்ராசைக்ளின் இல்லாததாக இருக்கட்டும், இல்லையென்றால் 'அணைந்த' நிலை என்று ஒன்று கிடைக்காது.

வெஸ்டர்ன்_பட்டை

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். மேற்பரப்பு சிக்னல் குறைவதற்கு இன்னும் எளிய காரணம் ஒன்று உண்டு: டிரிப்சின். அது செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்களை வெட்டும். உங்கள் ஹெச்ஏ டேக் அங்கேதான் இருக்கிறது. பிபிஎஸ்-இல் 2 மில்லிமோலார் இடிடிஏ, 37 டிகிரியில் சில நிமிடம் போதும். ஹெக் செல் அதிலேயே கழன்று வரும். அதன்பின் எல்லாம் பனிக்கட்டியில், சோடியம் அசைடு 0.1% கலந்த பஃபரில். அறை வெப்பத்தில் நிறம் ஏற்றினால் ஏற்பி உள்ளே போய்க்கொண்டும் வெளியே உதிர்ந்துகொண்டும் இருக்கும்.

உதிர்வு இங்கே சின்ன விஷயமில்லை. ஆடம்10, ஆடம்17 என்ற புரதம் வெட்டும் என்சைம்கள் இரண்டும் ட்ரெம்2-ஐ 157-ஆம் ஹிஸ்டிடினுக்கும் 158-ஆம் செரினுக்கும் நடுவில் வெட்டுகின்றன. வெளிப்பகுதி கரையும் ட்ரெம்2-ஆக மீடியத்தில் போகிறது. செல்லில் மீதியிருக்கும் துண்டு டேப்12-ஐப் பிடித்துக்கொண்டே இருக்கும், காமா-சிக்ரிடேஸ் வந்து அதை அகற்றும் வரை. ஆகவே ஒரே தட்டிலிருந்து மூன்றையும் எடுங்கள்: மேற்பரப்பு (ஃப்ளோ), செல் லைசேட் (வெஸ்டர்ன்), மீடியம் (எலிசா). மூன்றில் ஒன்றை மட்டும் அளந்துவிட்டு "வெளிப்பாடு குறைந்தது" என்று எழுதுவதை நான் நம்புவதில்லை.

தடுப்பான்கள்: ஜிஎம்6001 25 மைக்ரோமோலார் எல்லா மெட்டலோபுரோட்டீஸையும் பொதுவாக அடக்கும். ஆடம்10-ஐ மட்டும் பார்க்க ஜிஐ254023எக்ஸ் 5 மைக்ரோமோலார். இரவு முழுக்கப் போட்டால் மேற்பரப்பு ஏற வேண்டும், மீடியத்தில் குறைய வேண்டும். எல்லாக் குழிகளிலும் டிஎம்எஸ்ஓ ஒரே அளவு. காமா-சிக்ரிடேஸ் தடுப்பானான டேப்ட் போட்டால் சி-முனைத் துண்டு குவிந்து டேப்12-ஐ அடைத்துக்கொள்ளும். மேற்பரப்பில் முழு ஏற்பி இருந்தும் சிக்னல் விழும். டேப்12 உங்களிடம் அளவாகத்தான் இருக்கிறதா, மிகுதியாக இருக்கிறதா என்பதற்கும் இது ஒரு சோதனை.

கன்ட்ரோல் வடிவங்கள் இல்லாமல் ஆர்47ஹெச் மட்டும் ஓட்டுவதில் பயனில்லை. டி66எம் அல்லது ஒய்38சி ஒன்று வையுங்கள். நாசு-ஹகோலா நோயிலும் அதை ஒத்த டிமென்ஷியாவிலும் காணப்படும் இவை சரியாக மடியாமல் எண்டோபிளாச வலையிலேயே தங்கும், மீடியத்தில் கரையும் ட்ரெம்2 மிகக் குறைவாகவே வரும். ஹெச்157ஒய் நேர் எதிர், உதிர்வு கூடும். கே186ஏ வடிவத்தில் சவ்வுக்குள் இருக்கும் லைசின் போய்விடுவதால் டேப்12-இன் ஆஸ்பார்டேட்டோடு சேர முடியாது. லிகாண்டு ஒட்டும், சிக்னல் வராது. இந்த மூன்று வகையும் எதிர்பார்த்தபடி நடந்தால்தான் உங்கள் ஆர்47ஹெச் எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

வெஸ்டர்னில் ட்ரெம்2 ஒற்றைப் பட்டையாக வராது. முதிராத வடிவம் கீழே கூர்மையாக, சர்க்கரை முழுக்க ஏறியது மேலே புகைபோல. சர்க்கரையை வெட்டும் என்சைம்களான எண்டோ-ஹெச், பிஎன்ஜேஸ்-எஃப் இரண்டும் பக்கம் பக்கமாக ஓட்டுங்கள். எண்டோ-ஹெச்சுக்கு இளகும் பகுதி இன்னும் கோல்கியைத் தாண்டவில்லை. டி66எம்-இல் கிட்டத்தட்ட எல்லாமே அப்படி இருக்க வேண்டும்.

நியூரோ_முகில்

மிக்க நன்றி, இருவருக்கும். இரண்டு சந்தேகம். அடிப்படை பாஸ்போ-சிக்குக்கு டாக்சிசைக்ளின் தவிர வேறு காரணம் இருக்குமா? இன்னொன்று, ஹெக் வேண்டாம், ஹெச்எம்சி3 அல்லது மோனோசைட் வரிசையான டிஹெச்பி-1-இல் செய்யலாமே என்று ஆய்வகத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது.

ஹூட்_நம்பர்_2

காரணம் உங்கள் தட்டுக்குள்ளேயே இருக்கிறது. சீரத்தில் லிப்போபுரோட்டீன் உண்டு, அது ட்ரெம்2-க்கு லிகாண்டு. செத்த ஹெக் செல் பாஸ்பாடிடைல்செரினை வெளியே காட்டும், அதுவும் லிகாண்டு. அடர்த்தி முற்றிய தட்டில் செல்கள் பக்கத்துச் செல்லையே தூண்டிக்கொண்டிருக்கும். 70 விழுக்காட்டுக்கு மேல் விடாதீர்கள், தூண்டுவதற்கு முன் மிதக்கும் செத்த செல்லை மெதுவாகக் கழுவுங்கள், சீரம் இல்லாத மீடியத்தில் 2 முதல் 4 மணி நேரம் வையுங்கள். இரவு முழுக்கப் பட்டினி போடாதீர்கள், செத்த செல் கூடி மறுபடி அதே கதைதான். தட்டுக்கு பாலி-டி-லைசின் பூசுங்கள். ஹெக் செல் கழுவும்போது திட்டாகக் கிளம்பிவிடும்.

அளப்பது ஆல்ஃபாலிசா (நுண்மணிகளை வைத்து ஒளியால் அளக்கும் முறை) என்றால் இன்னும் இரண்டு பொறி. லைசேட் அளவுக்கு மீறினால் சிக்னல் திரும்பக் கீழே இறங்கும். நீர்த்தல் வரிசை போட்டு ஏறுமுகப் பகுதியில் மட்டும் வேலை செய்யுங்கள். ஆர்பிஎம்ஐ மீடியத்தில் பயோட்டின் இருக்கிறது, அது ஸ்ட்ரெப்டாவிடின் மணியை நிரப்பிவிடும். மீடியத்தை முழுதும் எடுத்துவிட்டே லைசிஸ் பஃபர் ஊற்றுங்கள்.

குளிர்பெட்டி_80

ஹெச்எம்சி3 பற்றி: மனித மைக்ரோக்ளியா என்ற பெயரில் விற்கிறார்கள், ஆனால் மைக்ரோக்ளியாவின் அடையாள ஜீன்கள் அதில் மிகவும் மங்கல். அதே குடும்பத்துப் பெயரில் புழங்கிய சிஹெச்எம்இ-5 வரிசை எலி இனத்தது என்று பின்னால் தெரியவந்தது. எஸ்டிஆர் சோதனை (செல் வரிசையின் டிஎன்ஏ அடையாளச் சோதனை) இல்லாமல் எதையும் உறைய வைக்காதீர்கள். ஹெக்கில் ஒரு நேர்மை உண்டு: அது மைக்ரோக்ளியா என்று யாரும் சொல்வதில்லை. ஒட்டுதல், மடிதல், போக்குவரத்து, உதிர்வு ஆகியவற்றுக்கு அது போதும்.

டிஹெச்பி-1-இல் சிக்கல் பிஎம்ஏ. அது செல்லை மேக்ரோஃபேஜ் ஆக்கும், அதே நேரத்தில் ஆடம்17-ஐ முடுக்கி ட்ரெம்2-ஐ உதிர்க்கும். பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால் பிஎம்ஏ-வை எடுத்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓய்வு கொடுங்கள்.

விழுங்குதல், கொழுப்பு சேர்தல், உயிர்த்திருத்தல் பற்றிக் கேட்க வேண்டுமானால் ஐபிஎஸ் செல்லிலிருந்து (வளர்ந்த செல்லை மறுநிரலாக்கிய ஸ்டெம் செல்) வரும் மைக்ரோக்ளியாதான் வழி. எலியில் ஆர்47ஹெச் நுழைத்தபோது ஆர்என்ஏ ஒட்டுமுறை கெட்டு வெளிப்பாடே குறைந்தது. அது எலி ஜீனுக்கே உரிய கோளாறு, மனித செல்லில் இல்லை. மனித வரிசைக்கு மெனக்கெடுவதற்கு அதுவே போதுமான காரணம்.

கோல்ஃப்2.1ஜே அல்லது பயோனி010-சி போன்ற நன்கு ஆராய்ந்த தாய் வரிசையிலிருந்து தொடங்குங்கள். ஆர்47ஹெச் உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரு நகல்தான் சுமக்கிறார்கள், எனவே ஒரு நகல் மாறிய குளோனும் வேண்டும், ட்ரெம்2 அறவே இல்லாத குளோனும் வேண்டும். இரண்டாவது இல்லாமல் உங்கள் ஆன்டிபாடி எதைப் பிடிக்கிறது என்று சொல்லவே முடியாது. சீக்வென்சிங்கில் இரண்டு நகலும் மாறியதுபோல் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்: ஒரு அலீலில் பெரிய துண்டு அறுந்துபோய் பிசிஆரில் வராமலே இருக்கலாம். பக்கத்தில் இரு வடிவமாக இருந்த எஸ்என்பி இன்னும் இரு வடிவமாக இருக்கிறதா என்று பாருங்கள், அந்த இடத்துக்கு நகல் எண்ணிக்கை க்யூபிசிஆரும் செய்யுங்கள். ஜி-பேண்டிங் மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், 20க்யூ11.21 என்ற குரோமோசோம் பகுதியின் பெருக்கம் அதில் அடிக்கடி தப்பிவிடும்.

மைக்ரோக்ளியா ஆக்கும் வழி: முதல் நாள் ராக் தடுப்பான் ஒய்-27632 10 மைக்ரோமோலாருடன் ஒரு உருண்டைக்குச் சுமார் 10,000 செல். பிஎம்பி4 50, விஈஜிஎஃப் 50, எஸ்சிஎஃப் 20 நானோகிராம்/மி.லி., நான்கு முதல் ஆறு நாள். பிறகு உருண்டைகளைக் குடுவைக்கு மாற்றி எம்-சிஎஸ்எஃப் 100, ஐஎல்-3 25 நானோகிராம்/மி.லி. மூன்று நான்கு வாரத்தில் முன்னோடிச் செல்கள் மிதந்து வரத் தொடங்கும். ஒரே குடுவையிலிருந்து பல வாரம் அறுவடை செய்யலாம். எடுத்தவற்றை ஐஎல்-34 100, ஜிஎம்-சிஎஸ்எஃப் 10 நானோகிராம்/மி.லி.யில் ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வளர்க்கவும். எல்லா வடிவங்களையும் ஒரே நாளில் தொடங்கி, ஒரே வயது அறுவடைகளை மட்டும் ஒப்பிடுங்கள். அறுவடை வாரத்தால் வரும் வித்தியாசம் ஜீனால் வருவதை விடப் பெரிதாக இருக்கக்கூடும்.

இந்தச் செல்லில் கவனிக்க வேண்டியது, ஹெக்கில் இல்லாத எஃப்சி ஏற்பி. அதுவும் சிக் வழியாகவே பேசுகிறது. உங்கள் ஆன்டிபாடியின் வால் அதைத் தட்டினாலும் பாஸ்போ-சிக் ஏறும். ஐசோடைப் கன்ட்ரோலும், ட்ரெம்2 இல்லாத குளோனும், முடிந்தால் எஃப்சி முடக்கிய வடிவமும் வேண்டும். வெளியிலிருந்து சேர்க்கும் அமிலாய்டு, அபோ-ஈ எல்லாவற்றையும் எண்டோடாக்சினுக்குச் சோதியுங்கள். எண்டோடாக்சினான எல்பிஎஸ் பட்டால் ட்ரெம்2 வெளிப்பாடே இறங்கிவிடும். விழுங்குதலைப் பிஹெச்ரோடோ சாயத்தில் (அமிலத்தில் ஒளிர்வது) அளந்தால், விழுங்குதலைத் தடுக்கும் கன்ட்ரோலாகச் சைட்டோகலாசின்-டி 10 மைக்ரோமோலார், 30 நிமிடம் முன்னதாக. வளர்ப்புக் காரணிகள் தாராளமாக இருக்கும் மீடியத்தில் ட்ரெம்2 இல்லாத செல்லும் சௌக்கியமாக இருக்கும். குறைபாட்டைப் பார்க்க வேண்டுமானால் கடைசி இரண்டு மூன்று நாள் ஐஎல்-34-ஐப் படிப்படியாகக் குறைத்து, உயிரோடிருக்கும் செல்லை எண்ணுங்கள்.