உண்ணி கடித்து அவதிப்பட்டவர்கள் இருக்கிறீர்களா? எங்கள் கதை இது

எங்கள் ஜிம்மி நாட்டு நாய்தான், தயிர்சாதம் என்றால் தட்டையே நக்கித் தேய்த்துவிடும். அது மூன்று நாளாக மோந்து பார்த்துவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று மாமியார் சொன்னார், நானும் நம்பிவிட்டேன். நாலாம் நாள் காலையில் பார்த்தால் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டி, தரையெல்லாம் காசு காசாக விழுந்து கிடக்கிறது.

ஆட்டோ பிடித்து ஓடினோம். டாக்டர் முதலில் கேட்டதே "உண்ணி இருந்ததா?" என்றுதான். இருந்தது. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலுமாக இருபது பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டிருந்தேன். "அதெல்லாம் மூணு வாரத்துக்கு முன்னாடியே எடுத்தாச்சே டாக்டர்" என்றேன். அந்த மூணு வாரம்தான் கணக்கு என்றார். கடிக்கும்போது உண்ணியின் எச்சிலோடு எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியா உள்ளே போய், வெள்ளை அணுக்களுக்குள்ளேயே குடித்தனம் வைத்துவிடுமாம். வெளியே தெரிய ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் வெறும் 31,000. டெங்குவில் நாம் பதறுவோமே, அதே பிளேட்லெட்தான், நாய்க்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையை 28 நாளுக்கு எழுதிக் கொடுத்தார். மூன்றாம் நாளே எழுந்து வாலாட்டியது. பத்தாம் நாள் என் வீட்டுக்காரர், நல்லாத்தானே இருக்கு, எதுக்கு இன்னும் மாத்திரை என்று ஆரம்பித்தார். டாக்டருக்குப் போன் போட்டேன், எனக்குத்தான் திட்டு விழுந்தது. பாதியில் விட்டால் கிருமி சத்தமில்லாமல் மாதக்கணக்கில், சில நாய்களில் வருஷக்கணக்கில்கூட உள்ளேயே இருக்கும், எலும்பு மஜ்ஜை வரை போய்விட்டால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுத்தது, அதனால் இட்லிக்குள் ஒளித்து வைத்தேன். இட்லியை மட்டும் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிய நாட்களும் உண்டு!

நாய்க்கு உண்ணி மருந்து போட்டால் மட்டும் போதாது, வீட்டையும் பார்க்க வேண்டும். ரத்தம் குடித்து வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே இறங்கி, சுவர் விரிசல், கதவு நிலை என்று ஒதுங்கி ஆயிரக்கணக்கில் முட்டை போடும். ஒரே ஆறுதல், முட்டை வழியாக இந்தக் கிருமி இறங்குவதில்லை. குஞ்சு சுத்தமாகத்தான் பிறக்கிறது, நோயுள்ள நாயைக் கடித்த பிறகுதான் வாங்கிக்கொள்கிறது. எங்கள் வாசலில் படுக்கும் இரண்டு தெருநாய்களுக்கும் சேர்த்து மருந்து போட்டோம்.

* * *

அக்கா, நான் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறேன். லைம் நோய்க்குப் பெயர் தந்த லைம் என்ற ஊர் இங்கேதான், எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம். 1970களில் அங்கே பிள்ளைகளுக்கு வரிசையாக மூட்டு வீங்க, தாய்மார்கள் விடாமல் கேள்வி கேட்டதால்தான் விஷயமே வெளியே வந்தது. மான் உண்ணிதான் அதைப் பரப்புகிறது. குட்டி உண்ணி கசகசா அளவுதான் இருக்கும், கண்ணில் எங்கே படுகிறது! ஜூன் மாதம் கொல்லையில் கத்திரிச் செடி வைத்தேன், பத்து நாள் கழித்து முட்டிக்குப் பின்னால் வட்டமாகச் சிவந்து நாளுக்கு நாள் பெரிதானது. வீடியோ காலில் பார்த்த அம்மா, அக்கி மாதிரி இருக்கு, காவி பூசு என்றார். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றே வந்தது. ஆனால் இங்குள்ள டாக்டர் அதை நம்பவில்லை, எதிர்ப்புப் பொருள் உருவாகவே சில வாரம் ஆகும், இந்தத் தடிப்பே போதும் என்று மாத்திரையைத் தொடங்கிவிட்டார். எனக்கும் அதே டாக்சிசைக்ளின்தான்.

* * *

எங்களைக் கடித்தது உண்ணி இல்லை, இருந்தாலும் எழுதுகிறேன். ஸ்கிரப் டைபஸை பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுகிறார்கள், உண்மையில் அது கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிற்றுயிரின் இளம்புழு கடித்து வருவது. மழை முடிந்து கடலைக்காட்டில் களை எடுத்துவிட்டு வந்த அப்பாவுக்கு எட்டு நாள் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டாக இருக்கலாம் என்று ஊசி போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரு சின்ன வயசு டாக்டர் வேட்டியைத் தளர்த்தச் சொல்லித் தேடினார். அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, பீடி நெருப்பு பட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு. வலியோ அரிப்போ இல்லாததால் அப்பாவுக்கே தெரியாது. மருந்து மாறியது, இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

அது சரி அக்கா, உண்ணியை மண்ணெண்ணெய் விட்டா எடுத்தீர்கள்?

* * *

இல்லை தம்பி, பிடுங்கிய பிறகுதான் டப்பாவில் மண்ணெண்ணெய். அதற்கு முன்னால் எல்லாம் நகத்தால் நசுக்கிக்கொண்டிருந்தேன், அதற்கும் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது கிள்ளுகோலால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கிறேன். ஜிம்மிக்குப் போன வாரம் பிளேட்லெட் 2,10,000. தயிர்சாதத் தட்டு மறுபடி பளபளவென்று இருக்கிறது.