மனுக்குழுவுக்கு ஒரு கடுதாசி போட்டால் ரயில்வே நஷ்டஈடு தருமாமே!

பாளை மூத்தவர்:
நேற்று நம் பயணிகள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு மகான் எழுதியிருந்தார். "ரயிலில் நஷ்டமா? கோர்ட்டும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். மக்களவை மனுக்குழுவுக்கு ஒரு கடிதம் போடுங்கள், கமிட்டி நஷ்டஈடு வாங்கித் தரும்." அதற்கு நாற்பது பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள். எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

மனுக்குழு என்பது மக்கள் கொடுக்கும் மனுக்களைப் பரிசீலிக்கிற எம்.பி.க்கள் குழு. மக்களவை நடைமுறை விதி 160-ஐ யாராவது படித்தீர்களா? பொதுநலன் சார்ந்த விஷயங்களுக்கு மனு கொடுக்கலாம். ஆனால் சட்டப்படி வேறு பரிகாரம் இருக்கிற விஷயத்துக்குக் கொடுக்க முடியாது. ரயில் நஷ்டஈட்டுக்கு 1987-லேயே தனிச் சட்டம் போட்டுத் தீர்ப்பாயம் வைத்தாகிவிட்டது. சென்னையில் அதற்கு அமர்வு இருக்கிறது. அப்புறம் மனுக்குழுவுக்கு என்ன வேலை? 160. அவ்வளவுதான்.

கல்லிடை அப்பளம்:
அந்த மகான் நான்தான் அண்ணாச்சி. பேரைப் போட்டே திட்டியிருக்கலாம், நான் ஒன்றும் ஒளிந்துகொள்ளவில்லை.

160 தெரிந்த உங்களுக்குச் சபாநாயகரின் வழிகாட்டுதல் 95 தெரியாதா? மனு என்ற வடிவத்தில் இல்லாத கடிதங்களையும் குழு பரிசீலிக்கலாம் என்று அதில் இருக்கிறது. மொட்டைக் கடுதாசியைத்தான் எடுக்க மாட்டார்கள். நான் "மனு" என்று எழுதவில்லை, "கடிதம்" என்றுதான் எழுதினேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படியுங்கள்.

பாளை மூத்தவர்:
கண்ணாடி போன மாசம்தான் மாற்றியது. 95-ல் பாதியை விழுங்கிவிட்டீரே தம்பி. வேறு அதிகாரிக்கு எழுதிய கடிதத்தின் நகலைச் சும்மா தட்டிவிட்டாலும் எடுக்க மாட்டார்கள். "என் குறையைத் தீர்த்து வையுங்கள்" என்று அந்த நகலிலேயே தனியாகக் கேட்டிருக்க வேண்டும். நம் ஊரில் ஒரு மனு எழுதினால் கலெக்டரிலிருந்து ஜனாதிபதி வரை பதினெட்டு பேருக்கு நகல் போடுவார்கள், அதெல்லாம் குப்பைக்கூடை. அதுவும் போக, குழு பரிந்துரைதான் செய்யும். "வாங்கித் தரும்" என்று எந்த விதியில் இருக்கிறது? 160-க்குப் பதில் சொல்லும்.

சந்திப்பு டீக்கடை:
95-ஆ? எங்களுக்கு 95 என்றால் 2023 வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டிய மழையின் செ.மீ.தான் அண்ணாச்சி. 160 அதைவிடப் பெரிய மழை. இரண்டு பேரும் குடை பிடித்துக்கொள்ளுங்கள்.

நாங்குநேரி நம்பி:
மனு எழுதுகிறவர்கள் எங்களையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி சந்திப்பு மதுரை ரயில்வே கோட்டம். அரை மணி நேரம் தள்ளியிருக்கிற நாங்குநேரி, வள்ளியூர் திருவனந்தபுரம் கோட்டம். 1981-ல் பாதை போட்டதிலிருந்து இதே கதை. ஒரு குடிநீர்க் குழாய்க்கு எந்த ஊர் ஆபீஸைக் கேட்பது என்றே தெரியவில்லை. இதுவல்லவா முதல் குறை?

பாளை மூத்தவர்:
நம்பி, உம்ம கோட்டக் கதைக்குத் தனி இழை இருக்கிறது, போன தையிலேயே ஆரம்பித்தீர். இங்கே நஷ்டஈடு பேசுகிறோம்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மக்களவை மனுக்குழுவில் 15 பேர், மாநிலங்களவையில் 10 பேர். மந்திரியாக இருப்பவர் மக்களவைக் குழுவில் உட்கார முடியாது. 1924-லிருந்து இருக்கிற ஏற்பாடு, சாதாரணமில்லை. அமைச்சகத்தைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கலாம், அறிக்கை வைக்கலாம். அதற்கு மரியாதை உண்டு. ஆனால் உம்ம பை தொலைந்தது, உம்ம சித்தப்பா விழுந்தார் என்பதற்கெல்லாம் செக் எழுதுகிற இடம் அது இல்லை. ரயிலிலிருந்து தவறி விழுந்தால் ரயில்வே சட்டம் பிரிவு 124-ஏ. உயிர் போனால் 8 லட்சம், 2017 ஜனவரியிலிருந்து. அதற்கு முன் 4 லட்சம். காயத்துக்குத் தனிப் பட்டியல். ஒரு வருஷத்துக்குள் தீர்ப்பாயத்தில் வழக்குப் போட வேண்டும். மனுக்குழுவை நம்பிக் காத்திருந்து அந்த ஒரு வருஷத்தைக் கோட்டை விட்டால், தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தீர்ப்பாயத்தின் காலில் விழ வேண்டும். அதற்கு யார் பொறுப்பு, கும்பிடு போட்ட நாற்பது பேரா?

கல்லிடை அப்பளம்:
சித்தப்பா இல்லை, அத்தை. நீங்கள் யாரைக் குத்துகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நம் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். பேர் வேண்டாம். பிளாட்பாரம் தாழ்வு, படிக்கும் தரைக்கும் நடுவில் இரண்டரை அடி. அத்தை ஒரு காலைப் படியில் வைத்தாள், வண்டி அசைந்துவிட்டது. சுருக்குப்பை தண்டவாளத்தில் விழுந்தது. அதற்குள்தான் டிக்கெட், நாலு வெற்றிலை, கொஞ்சம் சில்லறை. வெற்றிலை கிடைத்தது, டிக்கெட் கிடைக்கவில்லை. கால் முறிந்து ஆறு மாசம் திண்ணையில். "டிக்கெட் இல்லையா, அப்போ நீங்கள் பயணியே இல்லை" என்று ஒருவர் சொன்னார். அந்த வார்த்தைக்குத்தான் நான் கமிட்டிக்கு எழுதச் சொன்னேன்.

பாளை மூத்தவர்:
அத்தைக்கு வருத்தம்தான். ஆனால் அதுவும் தீர்ப்பாய வழக்குதான் தம்பி. டிக்கெட் கையில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பயணி இல்லை என்று தள்ளக் கூடாது என 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏறும்போது, இறங்கும்போது விழுந்தாலும் கணக்கில் வரும் என்பதும் அதே தீர்ப்பில்தான். நடந்ததைச் சொல்லி நீங்கள் ஒரு பிரமாணப் பத்திரம் போட்டால் மறுத்து நிரூபிப்பது ரயில்வேயின் பாடு. ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். ஒரு நடை போயிருக்கலாமே?

பிளாட்பாரம் தாழ்வு என்பதற்கு மனு எழுதும், நானே கையெழுத்துப் போடுகிறேன். அது பொதுநலன். அத்தை காலுக்கு எழுதாதீர். 160.

கல்லிடை அப்பளம்:
பிளாட்பாரம் தாழ்வாக இருந்ததால்தான் கால் போச்சு. காலும் பிளாட்பாரமும் ஒன்றுதான். கால் முறிந்த பொம்பளையைச் சென்னைக்கு ஒரு நடை போகச் சொல்கிறீர்களே, அந்த ரயிலில் எந்தப் பிளாட்பாரத்திலிருந்து ஏறுவாள்?

சந்திப்பு டீக்கடை:
இது செம கேள்வி. அண்ணாச்சிக்கு ஒரு ஸ்ட்ராங் டீ.

ஸ்ரீவை கரைக்காரன்:
எனக்கு ஒரே ஒரு சந்தேகம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் வண்டி ஸ்ரீவைகுண்டத்தில் நின்றதே, சுமார் 800 பேர். செய்துங்கநல்லூர் பக்கம் பாதைக்கு அடியில் மண்ணே இல்லை, தண்டவாளம் கொடிக்கயிறு மாதிரி தொங்கியது. எங்கள் தெருவிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் சோற்றுப் பொட்டலம் கொண்டு போனோம். இரண்டு நாள் கிடந்தார்களே, அது உங்கள் 124-ஏயில் வருமா?

பாளை மூத்தவர்:
வராது. தவறி விழுவது, கொள்ளை, கலவரம், பயங்கரவாதம், இவைதான் அதில். வெள்ளம் இல்லை.

ஸ்ரீவை கரைக்காரன்:
அப்போ சட்டத்தில் பரிகாரம் இல்லை. பரிகாரம் இல்லை என்றால் உங்கள் 160 தடுக்காது. அந்த 800 பேருக்காக மனு கொடுக்கலாம். சரிதானே?

கல்லிடை அப்பளம்:
அண்ணாச்சி? இருக்கீங்களா?

கல்லிடை அப்பளம்:
பச்சை விளக்கு எரிகிறது. படித்துவிட்டார். பதிலைக் காணோம்.

பாளை மூத்தவர்:
பேரப்பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வந்தேன். ஓடிப்போகிற ஆள் நான் இல்லை.

வெள்ளத்துக்கு டிக்கெட் பணம் திரும்பக் கேட்க விதி உண்டு, அதுவே ஒரு பரிகாரம்தான். பணம் திரும்ப வருவது வேறு, நஷ்டஈடு வேறு என்று இப்போது கிளம்புவீர்கள். நான் கேட்டது ஒன்றுதான்: "வாங்கித் தரும்" என்று எழுதியது சரியா? ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று சொல்லுங்கள். அப்புறம் தமிழில் எழுதி அனுப்பினால் போதும் என்றும் அந்தப் பதிவில் இருந்தது. தமிழில் மனு கொடுத்தால் இந்தியிலோ ஆங்கிலத்திலோ மொழிபெயர்ப்பும் வைத்து, அதிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

தாமிரபரணித் தமிழன்:
இப்போதுதான் உள்ளே வருகிறேன். எதற்கு மொழிபெயர்ப்பு? என் வரிப்பணத்தில் ஓடுகிற வண்டி. தமிழில் எழுதினால் புரியாதா? அண்ணாச்சி இந்திக்கு வக்காலத்து வாங்குகிறார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

பாளை மூத்தவர்:
1965-ல் நான் ஊர்வலத்தில் போனவன். என்னிடம் வந்து இந்தி வக்காலத்தா? விதியைச் சொன்னேன், விதியை நான் எழுதவில்லை. இந்தி வேண்டாம் என்றால் இங்கிலீஷில் வையும்.

தாமிரபரணித் தமிழன்:
65-ல் உங்களுக்கு வயசு என்ன அண்ணாச்சி? போன வருஷம் ஓய்வு விழாப் பதிவில் வேறு கணக்கு வந்ததே.

சந்திப்பு டீக்கடை:
ரயில்வே எல்லோருக்கும் அல்வா கொடுக்கிறது என்று யாரும் இன்னும் சொல்லவில்லை. ஆச்சரியம்.

ஸ்ரீவை கரைக்காரன்:
அந்த ஜோக்கை மட்டும் விட்டுவிடும், புண்ணியமாய்ப் போகும். 800 பேர் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பாளை மூத்தவர்:
சொன்னேனே. 160.

கல்லிடை அப்பளம்:
"வாங்கித் தரும்" என்பதை "வாங்கித் தர வைக்கும்" என்று மாற்றிவிட்டேன். போதுமா? கடிதம் நாளை காலை தபாலில் போகிறது. உங்கள் தீர்ப்பாயத்துக்கும் போவேன், நீங்கள் சொன்னதற்காக இல்லை, மச்சான் சொன்னதற்காக.

பாளை மூத்தவர்:
"தர வைக்கும்" என்பதும் தப்பு. பரிந்துரைக்கும். ப-ரி-ந்-து-ரை.

நாங்குநேரி நம்பி:
கடிதத்தில் கோட்டப் பிரச்சினையை ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள் தம்பி.

கல்லிடை அப்பளம்:
இடம் இல்லை நம்பி அண்ணே. தென்காசிப் பாதையை 2010-ல் அகலமாக்கியபோதே பிளாட்பாரத்தை உயர்த்தியிருக்க வேண்டும் என்பதே ஒரு பக்கம் வந்துவிட்டது.

பாளை மூத்தவர்:
2010 இல்லை. 2012. தப்பான வருஷத்தைப் போட்டு டெல்லிக்கு அனுப்பி நெல்லைச் சீமை மானத்தை வாங்காதீர்.

கல்லிடை அப்பளம்:
வேலை நடந்துகொண்டிருந்ததைச் சொன்னேன்.

பாளை மூத்தவர்:
"அகலமாக்கியபோதே" என்றுதான் எழுதியிருக்கிறீர். மேலே இருக்கிறது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்.