கத்தியோட சத்தம் கேக்கட்டும், காலைக் காட்டுங்க: ஃபிகர் ஸ்கேட்டிங் ஒளிபரப்புல மனசை விட்டுப் போகாத நொடிகள்

சோமனூர் தறி:
எனக்கு மனசை விட்டுப் போகாதது ஒரு ட்ரிபிள் லட்ஸுங்க, காத்துல மூணு சுத்து சுத்தற ஜம்ப். எகிறறதுக்கு முன்னாடி நீளமா பின்னாடியே ஒரு வளைவு போவாங்களே, இடது ஷூவுக்கு அடியில இருக்கற கத்தியோட வெளி விளிம்புல, அந்த ரெண்டு மூணு விநாடிதான் லட்ஸே. கரெக்டா அப்பப் பார்த்து கேமரா முகத்துக்குப் போயிருச்சு. திரும்பிக் காலுக்கு வரும்போது வலது கத்தியோட நுனியில இருக்கற முனைப்பல் ஐஸுல குத்தியாச்சு, ஆள் காத்துல. வர்ணனையில "சுத்தமான லட்ஸ்"னுட்டாங்க. திரை மூலையில மார்க் காட்டற பெட்டி மஞ்சளாச்சு. ரீப்ளேன்னு போட்டது இறங்கினதை மட்டும். மார்க் வந்தப்ப எங்கே குறைஞ்சுதுன்னு ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு அம்சத்துக்கும் மார்க் போட்டிருக்கற முடிவுத்தாளைத் திறந்தா லட்ஸுக்குப் பக்கத்துல 'இ'. விளிம்பு தப்பு.

லட்ஸும் ஃப்ளிப்புங்கற இன்னொரு ஜம்ப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். லட்ஸ் வெளி விளிம்பு, ஃப்ளிப் உள் விளிம்பு, அவ்வளவுதான் வித்தியாசம். லட்ஸுல வளைவு ஒரு பக்கம் இழுக்கும், உடம்பு எதிர்ப்பக்கம் சுத்தணும். அந்தக் கஷ்டத்துக்குத்தான் அடிப்படை மார்க் ட்ரிபிள் ஃப்ளிப்புக்கு 5.30, லட்ஸுக்கு 5.90. அதைக் காட்டாத கேமரா வேற எதைக் காட்டி என்னங்க ஆகப்போகுது?

பெருந்துறை கும்மி:
தம்பி, லட்ஸாவது ரெண்டு விநாடி. ஸ்டெப் சீக்வென்ஸ், அதாவது தொடர்ச்சியாப் போடற கால் வேலை, அதை முழுக்க இடுப்புக்கு மேலயே காட்டினா என்ன பண்றது? ராக்கர், கவுண்டர், பிராக்கெட், சாக்டான்னு விளிம்பு மாத்தித் திரும்பற வகையெல்லாம் நடக்கறது கணுக்காலுக்குக் கீழ. உச்ச லெவலான 4 குடுக்கறதும் அதை எண்ணித்தான். நம்மூர்ல வள்ளி கும்மியை வீடியோ எடுக்கறவங்க முகத்தையே எடுத்துட்டு இருந்தா அடவு போச்சு, அதே கதைதான் இங்கயும். ஐஸ் டான்ஸுல ட்விசில், அதாவது ஒத்தைக் கால்ல சுத்திக்கிட்டே நகர்றது, அது வரும்போது ஜோடியில ஒருத்தரை மட்டும் குளோசப்ல வெச்சாங்க பாருங்க, அது இன்னும் ஆறலை. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல திரும்பறாங்களா, நடுவுல இடைவெளி மாறாம இருக்குதாங்கறதைத் தவிர ட்விசில்ல பார்க்கறதுக்கு வேற என்ன இருக்குது?

கோபி வாய்க்கால்:
எனக்குச் சத்தமுங்க. தறி அண்ணனுக்குத் தெரியும், ஓடற சத்தம் மாறறதை வெச்சே எந்தத் தறியில நூல் அறுந்துதுன்னு சொல்லிடுவாங்க. ஸ்கேட்டிங்கும் அப்படித்தான். சுத்து முழுசா முடிஞ்சு இறங்கினா ஒரு தட்டு, அப்புறம் "சர்ர்ர்"னு நீளமா ஓடும். சுத்து குறைஞ்சுதுன்னா கத்தி ஐஸுலயே மிச்சத்தைத் திரும்பும், "கரக்"னு ஒரு சுரண்டல் கேக்கும். மூணரை சுத்து ஜம்ப்பான ஒரு ட்ரிபிள் ஆக்ஸல்ல அந்தச் சுரண்டல் வர்ற இடத்துல ரெண்டு வர்ணனையாளர்களும் சேர்ந்து கத்துனாங்க. போச்சு.

தனிநபர் போட்டியில ரெண்டு ஆட்டம்: முதல்ல ஷார்ட் புரோகிராம், அப்புறம் நீளமான ஃப்ரீ. ஷார்ட் 2 நிமிஷம் 40 விநாடி. அதுல 7 அம்சம்: மூணு ஜம்ப், மூணு ஸ்பின், ஒரு ஸ்டெப். ஜம்ப் மூணுக்கும் நுழையறதுல இருந்து இறங்கி ஓடற வரைக்கும் அஞ்சஞ்சு விநாடி சும்மா இருங்கன்னா மொத்தம் 15 விநாடிதான். யூடியூப்ல ஜூனியர் கிராண்ட் பிரிக்ஸ் போட்டிப் பதிவுகள் இருக்குதே, அதுல வர்ணனையாளர் டெட் பார்ட்டன் பேசினதைக் கேளுங்க. இறங்கின பொறகு இன்ன ஜம்ப்னு சொல்வாரு, விளக்கமெல்லாம் ரீப்ளேயில. பயிற்சியாளரா இருந்தவரு, எங்க பேசணும்னு தெரியும்.

கரூர் கொசுவலை:
கோபி சொல்றதை அப்படியே ஒத்துக்க முடியலீங்க. சும்மா இருக்கறதும் எப்பவும் பார்க்கறவங்களுக்கு நல்லது பண்றதில்லை. 2022 பிப்ரவரி 15, பெய்ஜிங் ஒலிம்பிக், ரஷ்ய வீராங்கனை கமிலா வலியேவாவோட ஷார்ட் புரோகிராம். அமெரிக்க ஒளிபரப்புல வர்ணனையாளர்கள் டாரா லிபின்ஸ்கியும் ஜானி வெயரும் கிட்டத்தட்ட பேசவே இல்லை. ஊக்கமருந்து விவகாரத்துல இருக்கற பொண்ணை ஆட விட்டதுக்கு அவங்க எதிர்ப்பு அது. காரணம் நியாயமே. ஆனா முதல் ட்ரிபிள் ஆக்ஸல்லயே தடுமாறுனாங்க, அப்படியும் ஷார்ட்ல முதலிடம் எப்படின்னு புதுசாப் பார்க்கறவங்களுக்கு யாரு சொல்றது?

அந்தக் கால அமெரிக்க வர்ணனையாளர் டிக் பட்டன் மாதிரி ஆள் வேணும். 1948-லயும் 1952-லயும் ஒலிம்பிக் தங்கம், போட்டியில முதல்ல டபிள் ஆக்ஸல் இறக்குனவரு, முதல் ட்ரிபிளும் அவருதுதான். ஸ்பின்ல கால் நீட்டம் சரியில்லைன்னா அப்பவே சொல்லிடுவாரு. முன்னாள் வீரர்கள் இப்போ வெறும் பாராட்டா அள்ளி விடறாங்க.

ஊத்துக்குளி:
அதே பெய்ஜிங், பிப்ரவரி 17. வலியேவா விழுந்து விழுந்து எழுந்து அன்னிக்கு நாலாவது. அவங்க நாட்டு ட்ருசோவா ஃப்ரீயில அஞ்சு குவாட், அதாவது நாலு சுத்து ஜம்ப், போட்டும் வெள்ளி, அழுகை. தங்கம் வாங்கின ஷெர்பகோவா பக்கத்துல யாரும் இல்லாம தனியா நிக்கறாங்க. கேமரா மூணு முகத்துக்கும் மாறி மாறிப் போகுது. அதுல ஒருத்திக்கு வயசு 15-ங்க. அந்த ஜூன்லயே சீனியர் வயசு வரம்பைப் படிப்படியா 17-க்கு ஏத்த முடிவு பண்ணாங்க. அழுவற குழந்தை முகத்துல எத்தனை விநாடி கேமரா நிக்கலாம்ங்கறதுக்கு ஒரு வரம்பும் வரலை.

பொள்ளாச்சி சந்தை:
யாரும் கேக்கலைதான், இருந்தாலும் சொல்லிடறேன், ஏன்னா தறி அண்ணா மஞ்சள் பெட்டியைப் பத்தி அரைகுறையா விட்டுட்டாரு. மஞ்சள்னா, எந்த அம்சம், சுத்து முழுசான்னு தீர்மானிக்கற டெக்னிக்கல் பேனல் அதைத் திருப்பிப் பார்க்கப் போறாங்கன்னு மட்டும்தான் அர்த்தம். தப்புன்னு இல்லை. பச்சைன்னா நடுவர்கள் கூட்டிப் போட்டிருக்காங்க, சிவப்புன்னா கழிச்சிருக்காங்க. ஓடிட்டே இருக்கற அந்த எண் தற்காலிகம். ஆட்டம் முடிஞ்சு பேனல் பார்த்த பொறகுதான் கெட்டியாகும். வர்ணனையாளர் அதை முடிவு மாதிரி வாசிக்கறதாலதான் கடைசியில "மார்க்கைக் குறைச்சுட்டாங்க"ன்னு சண்டை வருது.

இன்னொண்ணு, விழுந்தா "ஒரு மார்க் போச்சு"ங்கறாங்க பாருங்க, அது சுத்தத் தப்பு. கணக்குப் போடுங்க. ட்ரிபிள் லட்ஸ் 5.90. தரத்துக்கு -5-ல இருந்து +5 வரை போடுவாங்க, ஒரு படிக்கு அடிப்படை மதிப்புல பத்துல ஒரு பங்கு, அதாவது 0.59. விழுந்தா -5 படி, 2.95 போச்சு. அதுக்கு மேல விழுந்ததுக்குத் தனியா 1.00. கையில மிச்சம் 1.95. போனது ஒரு மார்க் இல்லீங்க, 3.95. அதே ஜம்பை அருமையாப் போட்டு எல்லாரும் +5 குடுத்திருந்தா 8.85. இதை ஒரே வரியில சொல்லிடலாம், யாரும் சொல்றதில்லை.

வீட்டுல பார்க்கறவங்களுக்கு: முதல் தடவை வர்ணனையோட பாருங்க. ரெண்டாவது தடவை முடிவுத்தாள் பிடிஎஃப்பைப் பக்கத்துல வெச்சுக்கங்க. முதல் பத்தியில அம்சத்தோட பேரு, அடுத்து குறிகள், அப்புறம் அடிப்படை மதிப்பு, தரப் புள்ளி, ஒன்பது நடுவர் போட்டது வரிசையா. அதுல அதிகமானதும் குறைஞ்சதும் ஒவ்வொண்ணு போக மிச்ச ஏழுக்குத்தான் சராசரி. 'கியூ'ன்னா ஜம்ப்புல சரியா கால்பங்கு சுத்து குறைவு, அடிப்படை மதிப்பு முழுசா இருக்கும், தரப் புள்ளியிலதான் அடி. '<' ஒண்ணு இருந்தா கால்பங்கு சுத்துக்கு மேல அரைக்குக் கீழ குறைவு, மதிப்புல 80 சதவீதம்தான். ரெண்டு இருந்தா அரைச் சுத்தோ அதுக்கு மேலயோ குறைவு, ட்ரிபிளை டபிளா எண்ணிடுவாங்க. மதிப்புக்குப் பக்கத்துல எக்ஸ் இருந்தா ஆட்டத்தோட பின்பாதியில ஜம்ப் போட்டதுக்கு போனஸ், பத்து சதவீதம். 2018 ஒலிம்பிக்குல ரஷ்ய வீராங்கனை சகிதோவா எல்லா ஜம்ப்பையும் பின்பாதிக்குத் தள்ளித் தங்கம் வாங்குன பொறகு அதைச் சுருக்கிட்டாங்க, ஃப்ரீயில கடைசி மூணு ஜம்ப்புக்குத்தான், ஷார்ட்ல கடைசி ஒண்ணுக்குத்தான்.

கம்ப்யூட்டர்ல யூடியூப்னா நிறுத்தி வெச்சுட்டு முற்றுப்புள்ளி விசையை அமுக்குங்க, ஒவ்வொரு ஃப்ரேமா முன்னால போகும். கமா விசை பின்னால. கத்தி ஐஸைத் தொடற ஃப்ரேம்ல நிறுத்துங்க. பாதம் போற திசைக்குப் பின்னால பார்த்துத் திரும்பி முடிஞ்சுதான்னு பாருங்க. எதிர்க் கோடியில இறங்கறதை மட்டும் டிவி படத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க, கேமரா மேல பக்கவாட்டுல இருக்கறதால 90 டிகிரி குறைவும் 60 டிகிரி குறைவும் ஒண்ணாத்தான் தெரியும்.

கோபி வாய்க்கால்:
கரூர் அண்ணா, நான் முழுசாப் பேச வேண்டாம்னு சொல்லவே இல்லீங்க. ஜம்ப் நடக்கற அந்த அஞ்சு விநாடி மட்டும்தான் கேட்டேன்.

சோமனூர் தறி:
பொள்ளாச்சி சொன்ன மாதிரியே ஃப்ரேம் ஃப்ரேமாப் பார்த்தாச்சுங்க. டிவி பதிவுல கால் இல்லை, அரங்கத்துல இருந்து யாரோ எடுத்த வீடியோவுல இருக்குது. வளைவு முழுக்க வெளி விளிம்பு சரியாத்தான் இருந்துது. வலது காலைப் பின்னால நீட்டும்போது கணுக்கால் மெல்லச் சாயுது, முனைப்பல் குத்தற ஃப்ரேம்ல தெளிவா உள் விளிம்பு. 'இ' போட்டது நியாயம்தான். கேமரா அந்த நேரம் முழங்காலுக்குக் கீழ நின்னிருந்தா வர்ணனையாளருக்கே தெரிஞ்சிருக்கும்.